பச்சைக் கொம்புக்கு வச்ச காயம்

குளவிமட்டம் எஸ்டேட் பங்களாவுல, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிர்ச் சுவத்துல ஒரு மிளா மான் தலை மாட்டியிருக்கு. போறவங்க வாறவங்க எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டு, "அடேயப்பா, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே"ன்னு சொல்லிட்டுத்தான் நகருவாங்க. அதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன்னா அது உயிரோடதான் இருந்துச்சு. ஒரு மழைக்காலம் முழுக்க, உடம்பு இல்லாம, வெறும் மண்டையோட்டு மேல உயிரோட நின்னுச்சு அந்தக் கொம்பு. எங்க எஸ்டேட்டே திரண்டு போய்ப் பிள்ளை பெத்தவளுக்குப் பாக்கிற மாதிரி அதுக்குப் பண்டுவம் பாத்துச்சு. அதே மழையில என் தம்பி பொண்டாட்டி உலகம்மா, நெசமாவே பிள்ளை பெத்தவ, பச்சை உடம்போட சாக்கைப் போத்திக்கிட்டுத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனா. ரெண்டையும் சேத்துச் சொன்னாத்தான் கதை. கொம்பை மட்டும் தனியாச் சொல்லணும்னா பங்களாக்காரங்ககிட்டப் போய்க் கேட்டுக்கோங்க.

என் பேரு முப்பிடாதி. புருசன் போனப்புறம் தம்பி சங்கிலி வீட்டோட வந்து ஒட்டிக்கிட்டவ. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். வீடுன்னா பெரிய வீடு இல்லை. லயத்து வரிசை வீட்டுல ஒத்தை அறைக் காம்பரா, ஒரு அடுப்பு, கூரைத் தகரத்துல மழை விழுந்தா ஒருத்தரு பேச்சு ஒருத்தருக்குக் கேக்காது. அதுவும் சும்மா குடுத்ததில்லை. காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்துல கங்காணி பேரு கூப்பிடும்போது "இருக்கேன்"னு சொல்ல அந்த வீட்டுல ஒரு ஆள் இருக்கணும். பேரு கூப்பிட்டு ஆள் இல்லாமப் போச்சுன்னா, சட்டிபானையத் தூக்கி வெளியில வச்சுட்டு வேற குடும்பத்தை விட்டுருவாங்க. எங்க வீட்டுல அந்தப் பேரு சங்கிலி பேரா இருந்துச்சு, கொம்பு வாற வரைக்கும்.

பச்சைக் கொம்புன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். மிளாவுக்குக் கொம்பு விழுந்து முளைக்கும். புதுசா முளைக்கிற கொம்பு கட்டையா இருக்காது. மேல தோல் மூடி, பூனை முதுகு மாதிரி மென்முடி படர்ந்து, உள்ள ரத்தம் ஓடி, தொட்டா சுடும். முத்தி இறுகினப்புறம்தான் அரிப்பெடுத்து, மரத்துல உரசி உரசித் தோலை உரிச்சுப் போடும். அதுவரைக்கும் அந்தக் கடா மிளா கூட்டத்துல சேராது, சண்டைக்குப் போகாது, ஒரு இலை பட்டாக்கூட நோகும்னு புதருக்கு ஒதுங்கித் தனியா நிக்கும். வேட்டைக்குப் போற எவனும் அந்த நேரத்துல அதைச் சுட மாட்டான். எங்க ஜெகந்நாத தொரை சுட்டாரு. வேட்டைக்கார தொரைமாரு கிளப்புச் சுவரெல்லாம் உரிஞ்ச கொம்பா, மொட்டைக் கொம்பா நிறைஞ்சு கிடந்துச்சு, தோலும் முடியுமா இருக்கிற கொம்பு ஒருத்தருகிட்டயும் இல்லை. அதான் காரணம், வேற ஒரு காரணமும் இல்லை.

மிளாவை விரட்டிவிடக் காடு கலைக்கப் போன ஆளுகள்ல சங்கிலியும் ஒருத்தன். சுட்ட மிளாவைக் கம்புல கட்டித் தூக்கிக்கிட்டு வழுக்குப் பாறையில இறங்கும்போது கால் சறுக்கி விழுந்தான். கம்பும் மிளாவும் அவன் இடுப்பு மேல விழுந்துச்சு. தொரை பதறிப் போய் ஓடி வந்தாரு. ஓடி வந்து குனிஞ்சு கொம்பைத் தடவிப் பாத்தாரு, எங்கயாவது தோல் உரிஞ்சிருச்சான்னு. உரியலைன்னு தெரிஞ்சதும்தான் "அவனைத் தூக்குங்க"ன்னாரு. அன்னைக்குப் படுத்தவன்தான் என் தம்பி. அப்புறம் தானா எந்திரிச்சு உக்காந்ததே இல்லை.

கங்காணி வேலாண்டி வீட்டு வாசல்ல வந்து நின்னு, "சங்கிலி பேரை எடுத்தாச்சு, உலகம்மா பேரைச் சேத்திருக்கேன், நம்ம ஆளுகளாச்சேன்னு பெரிய மனசு பண்ணிச் செஞ்சிருக்கேன்"னாரு. உலகம்மா அப்ப நிறைமாசம். நான் கேட்டேன், "ஏன் கங்காணியாரே, என் பேரைச் சேக்கக் கூடாதா?" "நீ டெம்பரவரி. டெம்பரவரி பேருக்கு வீடு கிடையாது." "பிள்ளை பெத்தா இவளுக்கு லீவு உண்டா?" "பேரு சேத்து வருசம் ஆனவங்களுக்குத்தான் சட்டப்படி லீவு. இவ நேத்துச் சேந்தவ." எல்லாத்துக்கும் அவருகிட்ட ஒரு பதில் தயாரா இருந்துச்சு.

உலகம்மாவுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. பிரசவம் லேசுல ஆகலை, உதிரம் ரொம்பப் போச்சு, உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தா. ஆனா நான் பயப்படலை, ஏன்னா ஒரு ஜாடி நிறையக் காயம் செஞ்சு வச்சிருந்தேன். எங்க பக்கத்துல பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற மருந்துக்குக் காயம்னு பேரு. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, மஞ்சள், இன்னும் என்னென்னவோ வேரெல்லாம் இடிச்சு, கருப்பட்டிப் பாகுல நல்லெண்ணெய் ஊத்திக் கிண்டி எடுக்கிறது. மலையில அதெல்லாம் கிடைக்காது. ஊருலருந்து பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தேன். அதைத் தின்னு, சூட்டுல கிடந்து, ஈரம் படாம, காத்துப் படாம இருந்தாத்தான் பச்சை உடம்பு ஆறும். ஈரம் படாம எப்படி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை, ஆனா காயமாவது இருக்கேன்னு தைரியமா இருந்தேன்.

அந்தச் சமயத்துலதான் கீழ் நாட்டுலருந்து மஸ்தான் பாய் வந்து பங்களாவுல அந்தத் தலைய அழுகாமப் பாடம் பண்ணிக்கிட்டிருந்தாரு. கெட்டிக்காரரு, வாய் பேசிக்கிட்டே கை வேலை பாக்கும். தலையைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டு, கொம்பு நுனியிலெல்லாம் பிளேடால லேசாக் கீறி, ரத்தத்தை வடிய விட்டாரு. அப்புறம் கொம்பு அடியில ஓடுற நரம்பைத் தேடி ஊசி போட்டு, கீறின நுனி வழியா மருந்து சொட்டுற வரைக்கும் ஏத்தினாரு. மண்டையை மட்டும் தண்ணியில அமுக்கி வேகவச்சு, கொம்பு மேல ஆவிகூடப் படாம துணி சுத்தி, சதையச் சுரண்டி வெளுக்க வச்சு, தேக்குப் பலகையில ஏத்திச் சுவத்துல மாட்டிட்டாரு. கொம்பு உள்ள காயுறது மட்டும்தான் பாக்கி. அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு, ரோடு சரியப் போகுதுன்னு கடைசி லாரி ஆரன் அடிக்குது, மஸ்தான் பாய் பையைத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டே பட்லர் சவரிமுத்துகிட்டச் சொல்லிட்டுப் போனாரு: "பச்சை இன்னும் ஆறலை. ஆறுற மட்டும் ஈரம் படக் கூடாது, குளிர்காத்து ஆகாது. மறக்காம நல்லாக் காரம் வைங்க!"

சவரிமுத்து காதுல மழைச் சத்தத்தோட விழுந்தது: நல்லாக் காயம் வைங்க.

அவரைக் குத்தம் சொல்ல முடியுமா, சொல்லுங்க? பச்சை ஆறலை, ஈரம் படக் கூடாது, குளிர் ஆகாதுன்னு வரிசையாச் சொல்லிட்டு வந்தா, எங்க ஆளுக காதுல அடுத்து வேற என்ன விழும்?

குடையப் பிடிச்சுக்கிட்டு லயத்துக்கு இறங்கி வந்து, "முப்பிடாதி, பங்களாவுக்குக் கொஞ்சம் காயம் வேணும்"னாரு.

"யாருக்குண்ணே? தொரைச்சாணி முழுகாமக்கூட இல்லையே?"

"கொம்புக்கு."

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கலை. "கிண்டலா அண்ணே? உள்ள ஒருத்தி உதிரம் வத்திப் போய்க் கிடக்கா, அவ வாயில போடுறதைக் கொண்டுபோய்ச் செத்த மிளாவோட கொம்புல பூசச் சொல்றீங்க. நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவருதானே?" அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல கங்காணி வேலாண்டி வந்தாரு. அவருக்குக் குனியத் தெரியாது. "ஜாடி வேணுமா, வீடு வேணுமா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. உள்ளருந்து உலகம்மா, "குடுத்துருங்க மயினி"ன்னா. மழையில ரோடு போயாச்சு, இனி ஒரு துண்டு சுக்கு மலையேறாதுன்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஜாடியத் தூக்கிக்கிட்டுக் கங்காணி போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்.

கொம்பு முழுக்கக் காயத்தை வழிச்சுப் பூசி, கம்பிளியச் சுத்தி, கீழ கரி நெருப்புப் போட்டுக் கணப்புச் சட்டி வச்சாங்க. மறுநாள் காலையில சவரிமுத்து கம்பிளிய விலக்கிப் பாத்தா, மஸ்தான் பாய் கீறி விட்ட நுனியெல்லாம் மூடியிருக்கு, கொம்பு சுடுது, அடியில விரலை வச்சா நாடி அடிக்குது. அவரு போய், பால் திரிஞ்சுபோச்சுன்னு சொல்ற மாதிரி, டீயக் கலந்துக்கிட்டே தொரைகிட்டச் சொன்னாரு: "தொரை, கொம்பு பிழைச்சுக்கிச்சு." தொரை பேப்பரை மடிச்சு வச்சுட்டு வந்து தொட்டுப் பாத்தாரு. "ம். கணப்பு பத்தாது, இன்னொண்ணு போடு"ன்னாரு.

அவ்வளவுதான். ஆச்சரியப்பட்டு நிக்க மலையில யாருக்கும் நேரமில்லை. மழை பெஞ்சா கொழுந்து வருது, காயம் வச்சா கொம்பு வருதுன்னு எடுத்துக்கிட்டாங்க. கேள்வியெல்லாம் அடுத்து என்ன செய்யணும்ங்கிறதுலதான் இருந்துச்சு. பச்சை ஆற விடிய விடியக் கணப்பு அணையாம இருக்கணும், அதுக்கு ஆள் வேணும்னு பெரட்டுல கங்காணி பொம்பளை ஆள் கூப்பிட்டாரு. முழு நாள் கூலி, நனைய வேண்டாம், அட்டைக்கடி கிடையாது, பங்களா டீ உண்டு. ஒருத்தியத் தள்ளிக்கிட்டு ஒருத்தி கையத் தூக்கினா. கொம்பு வேலைன்னே அதுக்குப் பேரு வந்துருச்சு. கொம்பு வேலைக்குப் போனவளுக கையில மஞ்சளும் கருப்பட்டியும் மணக்கத் திரும்பி வந்து, இன்னைக்கு ஒரு விரக்கடை வளந்திருக்கு, புதுசா ஒரு கிளை விட்டிருக்கு, சாம்பிராணி போட்டா நாடி நிதானமா அடிக்குதுன்னு கதை சொன்னாளுக. வாசல்ல வேப்பிலை சொருகினாங்க. பேறு பாத்த வீடுன்னு முன்வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுப் போனாங்க. தீட்டுக் கழிக்கணுமேன்னு ஒரு கட்சி, கொம்பு ஆம்பளைச் சாமானாச்சே அதுக்கேது தீட்டுன்னு ஒரு கட்சி, தண்ணிக் குழாயடியில குடத்தால மோதிக்கிட்டாங்க.

எஸ்டேட் கம்பவுண்டர் காலையில எந்திரிச்சதும் டிஸ்பென்சரியப் பூட்டிட்டு, கொம்புக்கு நாடி பாக்க பங்களா ஏறிருவாரு. சங்கத்து லீடர் ஒருத்தரு உண்டு எங்களுக்கு, பொம்பளை ஆளுகளுக்குப் பிரசவ லீவு வேணும்னு மே மாசத்துல மைக்கைக் கடிச்சுப் பேசினவரு. அவருகிட்டப் போய் நான் உலகம்மா விசயத்தைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவரு வேகமா எந்திரிச்சு பங்களாவுக்குப் போனாரு. எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. ஜெயிச்சுட்டுத்தான் வந்தாரு: தொழிலாளிங்க குடும்பத்தோட போய்க் கொம்பைப் பாக்க வாரத்துல ஒரு நாள் அனுமதி. கைதட்டினாங்க. விளங்குமா?

கிளப்பு தொரைமாரெல்லாம் ரெயின்கோட்டுல வந்து, டேப்பை வச்சு அளந்து, கிளாசை மோதிக் குடிச்சுட்டுப் போனாங்க. தொரைச்சாணி தன்னோட கல்யாணத்துச் சால்வையக் குடுத்துப் போத்தச் சொன்னாங்க. கொம்புக்குக் கம்பிளிதான் ஆகும், சால்வை வழுக்கி விழும்னு எங்க ஆளுகளே அவங்களுக்குப் புத்தி சொன்னாங்க. ஒரு பச்சை உடம்பை எப்படிப் பாத்துக்கணும்னு எஸ்டேட்டுல தெரியாத ஆளே இல்லை. அதுதான் எனக்கு ஆறலை. தெரியாமச் செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன்.

உலகம்மா தினமும் பெரட்டுல போய் "இருக்கேன்"னு சொன்னா. முதுகுல கூடை, தலையில சாக்கு, இடுப்புல தார்ப்பாய், அதுக்குள்ள வயித்தைச் சுத்தி என் பழைய சேலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிவிட்டிருந்தேன். சாயங்காலம் வந்து சேலையப் பிழிஞ்சா தண்ணி செவந்து ஓடும். நான் கங்காணி வீட்டுக்கே போய் நின்னேன்.

"கங்காணியாரே, அவளைக் கொம்பு வேலைக்குப் போடுங்க. கணப்போரமா உக்காந்திருக்கிற வேலைதானே. உக்காந்த இடத்துல உடம்பு ஆறிரும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அது ஆகாது முப்பிடாதி. அவ பச்சை உடம்புக்காரி. தீட்டு. பச்சைக் கொம்புக்குத் தீட்டுக்காரி நிழல் படக் கூடாது."

"கொழுந்துக்குப் படலாமா?"

"என்னது?"

"அவ கையால கிள்ளுற கொழுந்து. அதைத்தானே தொரைமாரு டீ போட்டுக் குடிக்கிறாங்க. அதுல தீட்டு ஒட்டாதா?"

"உனக்கு வாய்தான் கெடுதல்"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாரு. சாத்தின கதவைப் பாத்து நான் பேசினதையெல்லாம் இங்க சொல்ல முடியாது.

சரி, அவதானே தீட்டு, நான் இல்லையேன்னு நானே கொம்பு வேலைக்குக் கையத் தூக்கினேன். போன அன்னைக்குத்தான் அதை முதல்ல பாத்தேன். சொல்லக் கூடாது, ஆனா அழகாத்தான் இருந்துச்சு. கண்ணில்லாத வெள்ளை மண்டை, அது மேல மினுமினுன்னு முடியோட கிளை கிளையா நின்னுச்சு. பக்கத்துல போனா மூச்சு விடுற மாதிரி ஒரு சூடு. எனக்கு அதுமேல கோபம் வரலை, அது என்ன பண்ணும், அதையும் கேட்டா பண்ணாங்க? சவரிமுத்து அண்ணன் அந்தப் பக்கம் போனதும் கம்பிளிக்குள்ள கைய விட்டு, கொம்பு மேல அப்பியிருந்த காயத்தை நகத்தாலச் சுரண்டி முந்தியில முடிஞ்சேன். சுரண்டச் சுரண்ட அந்தப் பக்கக் கொம்பு சில்லுன்னு ஆச்சு. காவலுக்கு இருந்த இன்னொருத்தி கத்திட்டா. கம்பவுண்டர் ஓடி வந்தாரு, கணப்புல கரியக் கொட்டினாங்க, என்னை முடியப் பிடிச்சு வெளியில தள்ளாத குறை.

முந்தியில முடிஞ்சது ஒரு சுண்டைக்காயளவு இருந்துச்சு. வீட்டுல வந்து அவிழ்த்தேன். உலகம்மா கையில வாங்கி மோந்து பாத்தா. "மருந்து வாடை அடிக்குது மயினி, பிள்ளைக்குப் பால் குடுக்கிறேனே"ன்னு எடுத்து ஓரமா வச்சுட்டா.

அப்புறம் கேட்டா, "நல்லாச் சூடா இருக்காமே அந்த அறை?"

"இருக்கு."

"எவ்வளவு சூடா?"

"போர்வையே வேண்டாம்ங்கிற மாதிரி."

"அடேயப்பா"ன்னா. கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சூட்டை நினைச்சுப் பாக்கிறா பாவி. "தலை மட்டும்தானே மயினி இருக்கு அதுக்கு. அதுக்கும் குளுரத்தானே செய்யும்"னா. அவளைத் திட்டணும்னு வாய் வந்துச்சு. திட்டலை. அவ கால் ரெண்டையும் என் மடியில வச்சுத் தேய்ச்சேன். எவ்வளவு தேய்ச்சும் சூடேறலை.

கொம்பு முத்துச்சு. முத்தினதும் அரிப்பெடுத்துச்சு. பலகையோட சுவத்துல கிடந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உரசிச்சு, காரை உதிர்ந்து சாப்பாட்டு மேசையில விழுந்துச்சு. நுனியில தோல் வெடிச்சு நூல் நூலாத் தொங்க ஆரம்பிச்சதும் தொரைக்கு வேர்த்துருச்சு. உரிஞ்சு போச்சுன்னா அதுவும் கிளப்புச் சுவத்துல இருக்கிற நூத்துல ஒண்ணாப் போயிரும்ல! ரோடு திறந்த அன்னைக்கே ஜீப்பை அனுப்பி மஸ்தான் பாயைக் கூட்டியாந்தாங்க. அவரு கொம்பைத் தொட்டாரு, விரலை எடுத்து மோந்தாரு, சவரிமுத்துவைத் திரும்பிப் பாத்தாரு.

"என்னத்தைப் பூசினீங்க?"

"காயம்தானே பாய் வைக்கச் சொன்னீங்க?"

"யா அல்லா! காரம்னு சொன்னேன், வெண்காரம். பூச்சி அரிக்காம இருக்கத் தூவுற பொடி. டப்பாவை ஜன்னல்லேயே வச்சுட்டுத்தானே போனேன்!"

டப்பா ஜன்னல்லதான் இருந்துச்சு. மூடிகூடத் திறக்கலை. "ஒரு எழுத்து மாறிப்போச்சு"ன்னு சவரிமுத்து சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் தொரை கேட்டாரு, "இப்ப தோல் நிக்கணும்னா என்ன வழி?" மஸ்தான் பாய், "உயிரு இருக்கிற வரைக்கும் அது உரிக்கத்தான் செய்யும் தொரை. தோல் நிக்கணும்னா உயிரை எடுக்கணும். நுனியக் கீறி வடிச்சுட்டு, திரும்ப மருந்து ஏத்தணும்"னாரு. "நாளைக்கு ஏத்துங்க"ன்னாரு தொரை. எஸ்டேட் முழுக்கச் சேதி போச்சு. இவ்வளவு நாள் பாத்துக்கிட்ட கொம்பு, ஆளுக வந்து பாத்துட்டுப் போகட்டும்னு மறுநாள் மத்தியானம் எல்லாருக்கும் அரை நாள் லீவுன்னு அறிவிச்சாரு. குளவிமட்டத்துல லீவுங்கிற வார்த்தையத் தொரை வாயால நாங்க கேட்டது அன்னைக்குத்தான்.

அந்த லீவு உலகம்மாவுக்குக் கிடைக்கலை. முந்தின ராவெல்லாம் ஜன்னி கண்டு பிதற்றினா, விடியிற நேரத்துல பிள்ளை மாருல இருக்கும்போதே போயிட்டா. பிள்ளை சப்பிக்கிட்டேதான் இருந்துச்சு, நான்தான் பிரிச்செடுத்தேன். சங்கிலி படுத்த படுக்கையில கையை நீட்டி நீட்டிப் பாக்கிறான், எட்டலை. அடி என் தங்கமே, உன்னை நான் என்னன்னு சொல்லி அழுவேன்னு மாரடிச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்பப் பெரட்டுச் சங்கு ஊதிட்டாங்க.

சங்கிலி என்னைப் பாத்தான். நான் பிள்ளையப் பாத்தேன். அழுகிறதுக்கு இருந்தா வீடு இல்லை. எந்திரிச்சு அவ சாக்கை எடுத்துத் தலையில போட்டேன், அவ கூடைய முதுகுல மாட்டினேன், களத்துல போய் நின்னேன். கங்காணி ஒவ்வொரு பேராக் கூப்பிட்டுக்கிட்டு வந்தாரு. "உலகம்மா."

"இருக்கேன்"னேன்.

கங்காணி நிமிந்து பாத்தாரு. என் மூஞ்சியும் தெரியும், என் குரலும் தெரியும். சுத்தி நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. செத்த கொம்பு வளந்ததையே சரின்னு எடுத்துக்கிட்டவங்க, இதையா எடுத்துக்க மாட்டாங்க? கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டாரு.

அப்ப செத்தது யாரு? முப்பிடாதிதான். டெம்பரவரி, பேருக்கு வீடு கிடையாது, செத்தா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லை. மத்தியானம் லீவு விட்டதும் ஆளுக பாதி பங்களாவுக்குப் போயிட்டாங்க, மிச்சம் நாலு பேரு எங்க வாசலுக்கு வந்தாங்க. "ஏ முப்பிடாதி, இப்படி அநியாயமாப் போயிட்டியே"ன்னு உலகம்மா தலைமாட்டுல உக்காந்து என் பேரைச் சொல்லி ஒப்பாரி வச்சாங்க. நான் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு எனக்கு வைக்கிற ஒப்பாரியக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ பேரைச் சொல்லி அழ ஒருத்தரும் இல்லை. எனக்கும் முடியலை, நான்தான் உலகம்மாவாச்சே. மேல பங்களாவுலருந்து வேற அழுகைச் சத்தம் பெருசாக் கேட்டுச்சு. மஸ்தான் பாய் ஊசி போட்டுக்கிட்டிருந்திருப்பாரு.

புதைச்ச இடத்துல நட்ட குச்சியில முப்பிடாதின்னுதான் கரியால எழுதினாங்க. மழை அதையும் அழிச்சிருச்சு.

அடுத்த வருசம் எங்கயோ புகார் போயி, லேபர் ஆபீஸர் ஒருத்தரு விசாரிக்க வந்தாரு. பொம்பளை ஆளுகளுக்குப் பிரசவ லீவு குடுக்கிறதில்லை, ஒருத்தி அதுல செத்தே போனாள்னு புகார். தொரை அவரை உக்காரவச்சு, டீ குடுத்து, சுவத்துல இருக்கிறதைக் காட்டினாரு. அவரும் அண்ணாந்து பாத்து எல்லாரும் சொல்றதையே சொன்னாரு. அப்புறம் தொரை, "செத்துப் போனதாச் சொன்னாங்களே உலகம்மா, அவளையே கூப்பிட்டுக் கேளுங்க"ன்னு என்னைக் கூப்பிட்டுவிட்டாரு. நான் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் போய் நின்னேன். பிள்ளை என் தாலியில்லாத கழுத்தைக் கட்டிக்கிட்டு "அம்மா, அம்மா"ங்குது. கங்காணி எனக்குப் பின்னால நின்னாரு. வீட்டுல சங்கிலி கிடக்கான்.

ஆபீஸர் நல்ல மனுசன், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாரு. "நீதான் உலகம்மாவா?"

"ஆமாங்கய்யா."

"பயப்படாமச் சொல்லு. இந்தப் பிள்ளை பிறந்தப்ப உனக்கு லீவு குடுத்தாங்களா?"

"உலகம்மாவுக்கு லீவு குடுத்தாங்கய்யா"ன்னேன்.

"எத்தனை நாள்?"

"அது இன்னும் முடியலைங்கய்யா."

ஆபீஸர் புரியாம என்னைப் பாத்தாரு. தொரை சிரிச்சுக்கிட்டே, "இதுகளுக்கு நாள் கணக்கெல்லாம் தெரியாது சார்"னாரு. ஆபீஸரும் சிரிச்சுட்டு, லீவு குடுத்திருக்காங்கன்னு எழுதிக்கிட்டாரு.